விதைநெல் அறையில் ஆறு ஜாடிகள்

எங்கள் வீட்டு விதைநெல் அறையில் ஆறு கண்ணாடி ஜாடிகளை வைத்துக்கொண்டு நான் நாலு வருஷம் மாரடித்தேன். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஜாடிகள் அவை. பாகூர் கொம்யூனில் எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு தெருவிலும் மின்கம்பம் கிடையாது. கரண்டு என்றால் புதுச்சேரிப் பட்டணத்தில் வெள்ளைக்காரர் தெருக்களில் எரிவது என்றுதான் ஊராருக்குத் தெரியும். அதை ஒருத்தன் ஜாடியில் பிடித்து வைக்கப் பார்க்கிறான் என்றால் என்ன பேசுவார்கள்? பேசினார்கள். நான் கோபக்காரன். யாராவது சிரித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பட்டணத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை வரைக்கும் படித்தேன். மேலே படிக்க ஆசை இருந்தது. அப்பா தவறிப்போனதால் நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், பிரெஞ்சில் ஒரு பௌதிகப் புத்தகமும். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தால்தான் எனக்கு நான் படித்தவன் என்று நினைவு வரும். அதில் ஜாடிக்கு ஒரு அத்தியாயமே இருந்தது. படத்தைப் பார்த்த அன்றைக்கே செய்வது என்று முடிவு கட்டிவிட்டேன்.

செய்முறை சின்னதுதான். வாய் அகன்ற கண்ணாடி ஜாடிக்கு உள்ளேயும் வெளியேயும் முக்கால் உயரத்துக்கு ஈயக் காகிதம் ஒட்டவேண்டும். மரமூடியில் துளை போட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றை இறக்கி, கம்பியின் அடியில் உள்காகிதத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சங்கிலி, தலையில் ஒரு குமிழ். குமிழுக்கு ஊட்டுகிற கரண்டு உள்ளே போய்க் கண்ணாடியைத் தாண்ட முடியாமல் சேர்ந்து நிற்கும். பிறகு ஒரு வளைந்த கம்பியால் குமிழையும் வெளிக்காகிதத்தையும் சேர்த்தால் அவ்வளவும் ஒரே தாவலில் வெளியே வரும். ஒரு ஜாடி போதும் என்று புத்தகம் சொன்னது. எனக்குப் போதவில்லை. ஆறு வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு மரக்கால் நெல் பிடிக்கிற அளவில் வேண்டும், ஆறையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று நின்றேன்.

ஜாடிகளை வில்லியனூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் கொண்டுவந்தான். பள்ளியில் என்னோடு படித்த கிறிஸ்துவன். பட்டணத்தில் மருந்துக்கடையில் வேலை. மூடிகளை ஒட்ட மெழுகு வேண்டும் என்று கோயிலிலிருந்து இரண்டு மெழுகுவத்தித் துண்டுகளும் கொண்டுவந்திருந்தான். ஒன்றைக் கொளுத்தி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான். நான் பாய்ந்துபோய் அணைத்தேன். மெழுகுவத்திச் சுடர் பக்கத்தில் இருந்தால் ஜாடியில் ஏற்றிய கரண்டு தங்காமல் சுடர் வழியாக ஒழுகிப் போய்விடும் என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரியை அவனுக்குப் பிரெஞ்சிலேயே வாசித்தும் காட்டினேன். இன்னும் கரண்டே ஏற்றவில்லையே, ஒட்டுவதற்குத்தானே கொளுத்தினேன் என்றான் அவன். நியாயமான பேச்சுதான். ஆனாலும் மெழுகை அடுப்படியில் உருக்கித்தான் ஊற்றினோம். படித்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு வேறு சந்தர்ப்பம் ஏது?

கரண்டு உண்டாக்க ஒரு ராட்டையைப் பிரித்து, நூல் சுற்றுகிற கதிர் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியைப் படுக்கப் போட்டு, அது சுற்றும்போது தோல் திண்டு ஒன்று உரசுகிற மாதிரி தச்சனை வைத்துக் கட்டி, புட்டியிலிருந்து குமிழுக்கு ஒரு கம்பி இழுத்தேன். குமிழின் பக்கத்தில் நெட்டியில் மிளகளவு உருண்டை ஒன்று செய்து பட்டு நூலில் தொங்கவிட்டேன். ஜாடியில் கரண்டு ஏறினால் உருண்டை குமிழை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். இறங்கினால் பழையபடி குமிழோடு போய் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தராசு முள் அதுதான்.

முதல் இரண்டு வருஷம் உருண்டை அசையவே இல்லை. கண்ணாடியில் ஈரம். எங்கள் ஊரில் ஈரம் இல்லாத இடம் எது? ஒரு பக்கம் ஏரி, சுற்றிலும் நெல்வயல், மத்தியானம் ஆனால் உப்போடு கடல்காற்று. ஜாடிகளை வெயிலில் காயவைத்தேன், அடுப்போரம் காயவைத்தேன், அரக்குப் பூசினேன். ஒன்று விரிசல் விட்டது. நண்பனிடம் கெஞ்சி வேறொன்று வாங்கினேன். தோல் திண்டை எலி தின்றது. அறையின் தரையைச் சாணம் போட்டு மெழுகியதற்காக என் மனைவியிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அதற்கொன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தரையில் பலகை போட்டு, அதன்மேல் பனம்பாய் விரித்து, இப்ப சரியா என்று கேட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். சோரியாங்குப்பத்துப் பெண். எழுத்து தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவாள். கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். மாடு எத்தனை படி கறந்தது என்று நான் கேட்டால் ஒரு படியில் ஒரு விரற்கடை குறைவு என்பாள். எனக்குச் சமயத்தில் எரிச்சலாகக்கூட இருக்கும்.

மூன்றாம் வருஷம் ஆனி மாதம், மேல்காற்று உலர்ந்து அடித்த ஒரு காலையில், உருண்டை எழுந்து நின்றது. நான் ராட்டையை விடாமல் சுற்றினேன். அவள் கூழ் கொண்டுவந்தாள். இன்னா இது, பூச்சி மாரி நிக்குது என்று குனிந்தவள் ஒரு கையால் ஜாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் குமிழுக்குக் கொண்டுபோனாள். நான் வாயைத் திறப்பதற்குள் படீர் என்று சத்தம். நீலமாக ஒரு கீற்று. அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். வானத்து மின்னல் மாதிரியே இருந்தது, ஆனால் நீளம் ஒரு விரல்தான் என்றாள். அந்த நேரத்திலும் அளவு சொன்னாள்.

தீபாவளிக்குத் தாய்வீட்டுக்குப் போனபோது அதை அங்கே சொல்லியிருக்கிறாள். அவளுடைய அண்ணன், அந்த வீட்டுக்குப் பெரியவர், வயிறு வலிக்கச் சிரித்தாராம். ஜாடியில் மின்னலா, அடுத்த தடவை மழையையும் பிடித்து வரச்சொல் என்றாராம். ஊர் முழுக்க அந்தப் பேச்சு பரவி, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவளை மின்னல்காரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பொங்கல் வரிசை கொண்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்.

நல்ல காரியம் தொடங்குகிறோம் என்று அவள் அறையை ஒழுங்குபடுத்தினாள். பலகையின்மேல், ஜாடிகளுக்கு ஒரு சாண் தள்ளி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றினாள். நான் கும்பிட்டுவிட்டு ராட்டையைச் சுற்றினேன். உருண்டை அசையவில்லை. வேர்க்க வேர்க்கச் சுற்றினேன். லேசாக ஆடும், திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். மச்சான் வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், விடுங்க மாப்ள, கை நோவப் போவுது என்று எழுந்தார். தை மாதத்துப் பனி, கண்ணாடி நனைந்திருக்கிறது என்று நான் சொன்னேன். மறுநாளே காலையில் தனியாக இருந்து சுற்றினேன். உருண்டை ஜம்மென்று எழுந்து நின்றது. ஜாடியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

இதுவரைக்கும் இது என் மானத்தைப் பற்றிய சங்கதி. மாசி மகத்தன்று அது மாறிப்போயிற்று.

என் மனைவிக்கு ஒரு தங்கை. அந்தப் பெண்ணுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லைக்குள், ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மகத்துக்குக் குளிக்கப் போன கூட்டத்தில் என் மனைவி அந்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். மூட்டையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவன் தன் அம்மாவைச் செவுளில் அறைந்ததை அவளுடைய இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறாள். அந்தக் கிழவி காதைப் பொத்திக்கொண்டு மூட்டையைத் திரும்ப எடுத்தாளாம். நேரே தாய்வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் முகம் சுளித்தார். இடத்தைக் கெடுக்க யாரோ கிளப்பிவிட்டதை இவள் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று அவருக்கு நினைப்பு.

“நானே பாத்தேண்ணா,” என்றாள் அவள்.

“நீ மின்னலையுந்தான் பாத்தே.”

நான் குறுக்கே புகுந்து சத்தம் போட்டேன். அது இன்னும் கெடுத்தது; அந்த மின்னலுக்குச் சொந்தக்காரனே நான்தானே. வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்.

“அத ஒரு தரம் அவர் கண்ணுல காட்டிடுங்க. அப்பறம் நான் சொன்னதக் கேப்பாரு.”

நான் காட்டுகிறேன் என்று அடித்துச் சொன்னேன்.

பங்குனியில் ஒரு தடவை அவரை வரவழைத்தோம். இந்தத் தடவை விளக்கு பெரியது; அவள் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு நெய் விட்டு ஏற்றியிருந்தாள். உருண்டை அசையவில்லை. நேரம் மத்தியானம் தாண்டிவிட்டது, கடல்காற்று வந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சித்திரைக் கடைசியில், காலையிலேயே, ஊரே உலர்ந்து கிடந்த நாளாகப் பார்த்து மறுபடி கூப்பிட்டேன். மச்சான் தன் ஊர்க்காரர் இரண்டு பேரையும் அழைத்துவந்திருந்தார். அதற்கு முந்தின நாள் நான் தனியாகச் சோதித்துப் பார்த்திருந்தேன். ஆறு ஜாடியும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கூரையிலிருந்து குருவி பறந்தது. இனி எப்படித் தவறும்? தவறியது. சுற்றிச் சுற்றி என் உள்ளங்கை தோல் உரிந்தது. ஈரக்கையோடு தொட்டாயா என்று எல்லார் முன்னாலும் மனைவிமேல் எரிந்து விழுந்தேன். வந்த இருவரில் ஒருவரை, நீங்கள் விடுகிற மூச்சுதான் கண்ணாடியில் படிகிறது, தள்ளி நில்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். என் மனைவி மட்டும் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மச்சான் போகும்போது அவள் தலையில் கை வைத்து அன்பாகத்தான் சொன்னார். கட்டினவன் சொல்லுக்காக இல்லாததைப் பார்த்ததாகச் சொல்லுவது பெண்பிள்ளைகள் சுபாவம், அதற்காகத் தங்கச்சி வாழ்க்கையில் விளையாடாதே என்றார். வைகாசியில் தாம்பூலம் மாற்றினார்கள். ஆனியில் கல்யாணம். நானும் அவளும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தோம். தாலி கட்டும்போது அவள் மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம், ஆடியின் முதல் வெள்ளி. ஜாடிகளைப் பரணில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கடைசிச் சுற்று. காலை நேரம், ஆடிக்காற்று விசிறி அடித்தது. உருண்டை எழுந்து நின்றது. யாருக்கு வேண்டும் இனி, நின்றால் நில் என்று நான் எரிச்சலோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடி வெள்ளியில் எங்கள் வீடுகளில் விளக்கையும் சாம்பிராணியையும் எல்லா அறைக்கும் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவள் கைவிளக்கோடு விதைநெல் குதிரிடம் வந்தாள். அவள் பலகையைத் தாண்டும்போது உருண்டை தளர்ந்து, மெல்ல இறங்கி, குமிழோடு ஒட்டிக்கொண்டது.

அவள் போய்விட்டாள். நான் மறுபடி சுற்றினேன். எழுந்தது. அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், இறங்கியது. விளக்கில்லாமல் வா என்றேன். அது அப்படியே நின்றது. விளக்கோடு வரச்சொன்னேன். கீழே போயிற்று. இன்னாங்க இது, வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளையாட்டு என்று அவள் கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மெழுகுவத்திச் சுடர். அந்த வரி எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. பக்கம்கூட ஞாபகம் வந்தது, இடது பக்கத்தில் கீழே. நண்பன் கையிலிருந்து வத்தியைப் பிடுங்கி அணைத்தவன் நான். அதை அவனுக்கு வாசித்துக் காட்டியவனும் நான். மெழுகுவத்தி என்றால் மாதாகோயிலிலும் வெள்ளைக்காரன் சாப்பாட்டு மேசையிலும் எரிவது. அதை ஆறு ஜாடிக்கும் கிட்டேயே சேர்க்கவில்லை. குத்துவிளக்கு ஒரு சாண் தூரத்தில் ஐந்து முகத்தோடு எரிந்தது, மூன்று தடவையும் எரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டேனே தவிர, அதுவும் ஒரு சுடர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விளக்கை நான் பிறந்ததிலிருந்து சாமியாகத்தான் பார்த்திருக்கிறேன், நெருப்பாகப் பார்த்ததில்லை. நாலு வருஷம் அந்தப் புத்தகத்தைப் படித்த படிப்பு இந்த லட்சணத்தில் இருந்தது.

“எல்லாம் இந்த விளக்காலதான்,” என்றேன். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது.

அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. பொங்கலுக்கு ஏற்றினது, பங்குனியில் ஏற்றினது, சித்திரையில் ஏற்றினது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. கைவிளக்கைக் குதிருக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

“அப்ப என் பேச்ச நானே கெடுத்துக்கினேன்,” என்றாள்.

பிறகு கேட்டாள்.

“அந்தப் பொஸ்தகத்துல இதப் பத்தி ஒண்ணும் போடலியா?”

புத்தகம் பலகையின் மேலேயே கிடந்தது. அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது, பிரெஞ்சு எங்கே தெரியப்போகிறது. நான் அதை எடுத்து மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

“போடல,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்தாகிவிட்டது. அவளுக்கு நான் படித்தவன். அந்த வீட்டில், அந்த ஊரில், என்னைப் படித்தவன் என்று மனசார நம்பியது அவள் ஒருத்திதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெட்கக்கேடு, வேறு என்ன. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மிச்சமிருந்த அறைகளுக்கு விளக்குக் காட்ட எழுந்து போனாள்.

ஆடி முடிவதற்குள் அவளே சொல்லி அனுப்பி அண்ணனை வரவழைத்தாள். அறையில் விளக்கில்லை, பிள்ளையார் இல்லை. நான் சுற்றினேன். உருண்டை நின்றது. மச்சான் ஒரு கையால் ஜாடியைப் பிடித்துக்கொண்டு குமிழுக்கு விரலை நீட்டினார். சத்தம் கேட்டுத் தொழுவத்தில் மாடு மிரண்டது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக வெகுநேரம் நின்றார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. அவர் நினைத்தது இந்தக் கரண்டை அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்ட பெண்ணை என்பது எனக்குத் தெரிந்தது. அப்ப அன்னைக்கெல்லாம் ஏன் வரல என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அவள் சொன்னாள்.

“நான் ஏத்துன வெளக்கு கெடுத்துடுச்சுண்ணா. இவருக்குத் தெரியாது. பொஸ்தகத்துலயும் போடல.”

உண்மையைச் சொல்லுவதற்கு அது ஒரு இடம். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் ராட்டையின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கை ஒரு துணி மூட்டையோடு ஆற்றைக் கடந்து திரும்பி வந்துவிட்டாள். இடது காது கேட்கவில்லை. அண்ணன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை; அந்த மட்டில் அவரை மெச்சவேண்டும். நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். என் மனைவி தங்கையின் வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு, வீட்டார் எல்லோரும் இருக்கையிலேயே, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். மாசி மகத்தில் பார்த்தது, ஜாடி, மூன்று தடவை ஏற்றின விளக்கு. நான் புத்தியில்லாமல் விளக்கேற்றினேன், அதனால் உனக்கு இப்படி ஆயிற்று என்றாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மச்சான் தலையைக் குனிந்து, ஆமாம், விளக்காலதான் என்றார்.

ஜாடிகளில் இப்போது உப்பும் புளியும் இருக்கின்றன. புத்தகத்தை நான் எரித்துவிட்டேன். கரையான் அரித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் தாய்வீட்டில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், மின்னலைச் சொன்னாள், அந்தக் கிழவி வாங்கிய அறையைச் சொன்னாள், சொன்ன நேரத்தில் ஒன்றையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதிலேயே பொய்யானது, புத்தகத்தில் போடவில்லை, விளக்கேற்றிய குற்றம் தன்னுடையது என்றது ஒன்றுதான், அதுவும் நான் கொடுத்த பொய். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.